செவிலிய நேர்வு மேலாண்மை

செவிலிய நேர்வு மேலாண்மை என்பது, ஒரு நோயாளிக்குத் தேவையான மருத்துவ, சமூக, பொருளாதார உதவிகளை அறிந்து, திட்டமிட்டு, ஒருங்கிணைத்து, அவை உரிய காலத்தில் கிடைக்கின்றனவா எனக் கண்காணிக்கும் செவிலியர் பணித்துறை ஆகும். இது ஆங்கிலத்தில் நர்ஸ் கேஸ் மேனேஜ்மெண்ட் எனப்படுகிறது. இங்கு நேர்வு என்ற சொல் நோயாளியை மட்டும் குறிப்பதன்று. அவருடைய நோய், சிகிச்சை, வீடு, குடும்பம், காப்பீடு ஆகியவை சேர்ந்த முழு நிலைமையையும் குறிக்கும். இப்பணியில் இருப்பவர் நேர்வு மேலாளர் எனப்படுவார்.

இத்துறை ஐக்கிய அமெரிக்காவில் தனித் தொழிலாக வளர்ந்துள்ளது. எனவே இக்கட்டுரை அந்நாட்டு நடைமுறையையே விளக்குகிறது. செவிலியர் உரிமம் பெற்ற ஒருவர் தம் முதல் வேலையாகவே இதைத் தேர்ந்தெடுக்கலாமா என்பது அங்கு நெடுங்காலமாக விவாதிக்கப்பட்டு வரும் ஒரு வினாவாகும். சட்டப்படி இதற்குப் பொதுவான தடை எதுவும் இல்லை. ஆயினும் பெரும்பாலான நிறுவனங்கள் ஓரிரு ஆண்டுகளாவது நோயாளிகளை நேரடியாகப் பராமரித்த அனுபவத்தை எதிர்பார்க்கின்றன. இந்த எதிர்பார்ப்பின் காரணத்தை அறிய, இப்பணி எவ்வாறு தோன்றியது என்பதையும் அதில் நிகழும் தவறுகளின் தன்மையையும் அறிதல் வேண்டும்.

வரலாறு

நேர்வு மேலாண்மையின் வேர்கள் சமூக நலச் செவிலியத்தில் உள்ளன. 1893 ஆம் ஆண்டில் லில்லியன் வால்டு, மேரி புரூஸ்டர் ஆகிய இரு செவிலியர்கள் நியூ யார்க் நகரின் கீழ்க்கிழக்குப் பகுதியில் வாழ்ந்த ஏழைக் குடியேறிகளின் வீடுகளுக்கே சென்று பணியாற்றத் தொடங்கினர். இம்முயற்சி பின்னர் ஹென்றி தெரு நல மையமாக வளர்ந்தது. நோய்க்கு மருந்து கொடுப்பதோடு நில்லாமல், வீட்டில் உணவு உண்டா, வேலை உண்டா, குழந்தைகளைக் கவனிக்க ஆள் உண்டா என்பவற்றையும் அவர்கள் விசாரித்தனர். 1909 இல் மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தன் காப்பீட்டாளர்களுக்கு வீட்டுச் செவிலியர் சேவையை அளிக்கத் தொடங்கியது. காப்பீட்டுத் துறைக்கும் செவிலியத்துக்கும் இடையிலான தொடர்பு அவ்வளவு பழமையானது.

இன்றைய வடிவத்துக்கு வித்திட்டது 1983 ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் ஆகும். 65 வயதைக் கடந்தோருக்கும் குறிப்பிட்ட உடற்குறை உடையோருக்கும் அமெரிக்க நடுவண் அரசு நடத்தும் காப்பீட்டுத் திட்டம் மெடிக்கேர் எனப்படும். அதுவரை மருத்துவமனைகள், ஏற்பட்ட செலவுக்கு ஏற்ப மெடிக்கேரிடமிருந்து பணம் பெற்று வந்தன. 1983 திருத்தத்தின் பின்னர், நோய்வகைக் குழுக்களின் அடிப்படையில் ஒவ்வொரு அனுமதிக்கும் முன்கூட்டியே வரையறுக்கப்பட்ட தொகை வழங்கப்பட்டது. இதன்படி, சில விதிவிலக்குகள் நீங்கலாக, ஒரே வகை நோய்க்கு ஒருவர் 4 நாட்கள் தங்கினாலும் 9 நாட்கள் தங்கினாலும் மருத்துவமனைக்குக் கிடைக்கும் தொகை ஏறத்தாழ ஒன்றே. எனவே நோயாளி எப்பொழுது, எங்கே, யார் துணையுடன் வீடு திரும்புவார் என்பதை முதல் நாளிலிருந்தே எண்ணிப் பார்க்கும் ஒருவர் தேவைப்பட்டார்.

1980களின் நடுப்பகுதியில் பாஸ்டன் நகரின் நியூ இங்கிலாந்து மருத்துவ மையத்தில், கேரன் சாண்டர் முதலிய செவிலியர்கள் ஒரு நோயாளியின் சிகிச்சைப் போக்கை நாள்வாரியாக வரையறுக்கும் முறையை உருவாக்கினர். அம்மருத்துவமனை தற்போது டஃப்ட்ஸ் மருத்துவ மையம் எனப்படுகிறது. 1990 இல் அமெரிக்க நேர்வு மேலாண்மைச் சங்கம் தோன்றியது. அது 1995 இல் இத்தொழிலுக்கான நடைமுறைத் தரங்களை வெளியிட்டது. அத்தரங்கள் பின்னர் பலமுறை திருத்தப்பட்டுள்ளன.

பணியிடங்களும் பணிகளும்

நேர்வு மேலாளர்கள் பின்வரும் இடங்களில் பணியாற்றுகின்றனர்.

- மருத்துவமனைகள்: நோயாளியின் விடுவிப்பைத் திட்டமிடுதல், காப்பீட்டு ஒப்புதல் பெறுதல்.
- காப்பீட்டு நிறுவனங்கள்: நீரிழிவு, இதயச் செயலிழப்பு போன்ற நீண்டகால நோய் உடையோரைத் தொலைபேசி வழியே தொடர்ந்து கவனித்தல்.
- வீட்டுப் பராமரிப்பு முகமைகள்: வீட்டிற்குச் சென்று நிலைமையை மதிப்பிட்டுப் பராமரிப்புத் திட்டம் வகுத்தல்.
- தொழிலாளர் இழப்பீட்டுத் துறை: பணியிடத்தில் காயமுற்றோர் குணமடைந்து வேலைக்குத் திரும்ப உதவுதல்.
- மருத்துவர்களின் ஆலோசனைக் கூடங்கள்: மருத்துவமனையிலிருந்து திரும்பியோரைப் பின்தொடர்தல்.

பணியிடம் எதுவாயினும் வேலையின் வரிசை ஒன்றே. நிலைமையை மதிப்பிடுதல், தேவைகளை இனங்காணுதல், திட்டமிடுதல், ஒருங்கிணைத்தல், கண்காணித்தல், விளைவை அளவிடுதல் என அது அமைகிறது. இதனுடன் பயன்பாட்டு மீளாய்வு என்ற மற்றொரு வேலையும் மருத்துவமனைகளில் இணைந்து வருவதுண்டு. நோயாளி மருத்துவமனையில் தங்கியிருப்பது மருத்துவக் காரணங்களால் தேவைதானா என்பதை வரையறுக்கப்பட்ட அளவுகோல்களைக் கொண்டு சரிபார்ப்பதே அவ்வேலையாகும். இண்டர்குவால், எம்சிஜி ஆகியவை பரவலாகப் பயன்படும் இரு அளவுகோல் தொகுதிகள்.

ஓர் எடுத்துக்காட்டு

தனியாக வாழும் 80 வயது மூதாட்டி ஒருவர் வீட்டில் வழுக்கி விழுந்து, முதுகெலும்பில் சிறு முறிவுடன் மருத்துவமனைக்கு வருகிறார் எனக் கொள்வோம். அறுவை சிகிச்சை தேவையில்லை. வலி மட்டும் தணிய வேண்டும். மூன்று இரவுகள் படுக்கையில் இருந்தபின், தாமாக எழுந்து நடக்க இயலாததால், செவிலியப் பராமரிப்பு இல்லம் ஒன்றில் சில வாரங்கள் தங்கி உடற்பயிற்சி பெறுவது நல்லது என மருத்துவர் கருதுகிறார்.

மூல மெடிக்கேர் திட்டம் அத்தகைய இல்லத்துக்குப் பணம் தர வேண்டுமெனில், நோயாளி அதற்குமுன் தொடர்ந்து குறைந்தது 3 நாட்கள் உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும். அனுமதிக்கப்பட்ட நாள் இக்கணக்கில் சேரும், விடுவிக்கப்பட்ட நாள் சேராது. ஆனால் மருத்துவமனைப் படுக்கையில் படுத்திருப்போர் அனைவரும் உள்நோயாளிகள் அல்லர். சிலர் கண்காணிப்பு நிலை என்ற பிரிவில் வைக்கப்படுவர். கணக்கின்படி அவர்கள் புறநோயாளிகளே. அதே கட்டில், அதே செவிலியர், அதே உணவு. ஆயினும் அந்த நாட்கள் மூன்று நாள் கணக்கில் சேர்வதில்லை. மூதாட்டி மூன்று இரவுகளையும் கண்காணிப்பு நிலையில் கழித்திருந்தால், இல்லத்தின் செலவு முழுவதும் அவர் தலையில் விழும்.

இதன்பொருட்டு இரு விதிகள் உள்ளன. 2013 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த இரு நள்ளிரவு விதியின்படி, மருத்துவத் தேவை இரண்டு நள்ளிரவுகளைக் கடக்கும் என மருத்துவர் நியாயமாக எதிர்பார்த்தால், பொதுவாக உள்நோயாளியாக அனுமதிக்கலாம். 2015 இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்றின்படி, 24 மணி நேரத்துக்கு மேல் கண்காணிப்பு நிலையில் இருக்கும் மெடிக்கேர் நோயாளிக்கு அதனை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும்.

அனுமதி நிலையை முடிவு செய்வது மருத்துவரே. காப்பீட்டுப் பணம் கிடைப்பதற்காக மட்டும் அதனை மாற்றவும் இயலாது. நேர்வு மேலாளரின் பங்கு, நிலைமையை முதல் நாளிலேயே கவனித்து, வலியின் அளவு, நடக்க இயலாமை, ஊசி வழி மருந்தின் தேவை போன்ற மருத்துவ விவரங்களை மருத்துவரின் கவனத்துக்குக் கொண்டு செல்வதாகும். மூதாட்டி உள்நோயாளி ஆகாவிடின், வீட்டுக்கு வரும் செவிலியர், நடைச்சட்டம், அருகில் வாழும் உறவினர் என மாற்று ஏற்பாடுகளையும் அவர் செய்ய வேண்டும். விதியைப் படித்து அறியலாம். இந்த மூதாட்டியால் நாளை மறுநாள் கழிவறைக்குத் தனியே செல்ல முடியுமா என்பதை ஊகிக்க, அத்தகைய பலரைக் கைப்பிடித்து நடத்திய பழக்கம் வேண்டும்.

புதிய செவிலியரை ஈர்க்கும் காரணங்கள்

மருத்துவமனைச் செவிலியர்கள் பெரும்பாலும் 12 மணி நேரப் பணிமுறையில் வேலை செய்கின்றனர். புதியவர்களுக்கு இரவுப் பணியே முதலில் கிடைப்பது வழக்கம். நோயாளிகளைத் தூக்குதல், புரட்டுதல் ஆகியவற்றால் முதுகுவலி உண்டாவது இத்தொழிலில் மிகுதி. கல்லூரியில் கற்ற இலட்சியத்துக்கும் வார்டில் காணும் நெருக்கடிக்கும் இடையே ஏற்படும் மனச்சிதைவை மார்லீன் கிராமர் 1974 இல் வெளியிட்ட நூலில் யதார்த்த அதிர்ச்சி எனப் பெயரிட்டு விளக்கினார். 2020 இல் தொடங்கிய கோவிட்-19 பெருந்தொற்றுக் காலம் இந்நெருக்கடியை மேலும் கூட்டியது.

நேர்வு மேலாண்மை இதற்கு மாறாகத் தோன்றுகிறது. பெரும்பாலும் பகல் வேலை, உடலுழைப்பு குறைவு, காப்பீட்டு நிறுவனங்களில் வீட்டிலிருந்தே பணிபுரியும் வாய்ப்பும் உண்டு. கருவுற்றோர், சிறு குழந்தை உடையோர், உடற்குறை உடையோர் ஆகியோருக்கு இது ஆடம்பரம் அன்று, சில வேளைகளில் செவிலியராகவே நீடிப்பதற்கான வழியும் ஆகும். எனினும் வேலை எளிது எனக் கொள்வது தவறு. மருத்துவமனை நேர்வு மேலாளர்களுக்கு வார இறுதிப் பணி உண்டு. காப்பீட்டு நிறுவனங்களில் ஒரு நாளில் முடிக்க வேண்டிய அழைப்புகளின் எண்ணிக்கை கணக்கிடப்படுவதுண்டு.

நேரடி அனுபவம் முதலில் வேண்டும் என்போர் கூறும் காரணங்கள்

முதலாவது, அறிவு முதிர்ச்சியடையும் விதம். பட்ரிசியா பென்னர் 1984 இல் வெளியிட்ட நூலில், டிரைஃபஸ் சகோதரர்களின் திறன் வளர்ச்சி மாதிரியைச் செவிலியத்துக்குப் பொருத்தினார். தொடக்கநிலையர், முன்னேறிய தொடக்கநிலையர், தகுதியாளர், தேர்ந்தவர், வல்லுநர் என ஐந்து படிநிலைகளை அவர் வகுத்தார். ஒத்த சூழலில் 2 முதல் 3 ஆண்டுகள் பணியாற்றியவரே தகுதியாளர் நிலையை எட்டுகிறார் என்பது அவரது கணிப்பு. தம் செயல்களை நீண்டகால நோக்கில் திட்டமிடும் ஆற்றல் அந்நிலையில்தான் தோன்றுகிறது என்றும் அவர் விளக்கினார். நேர்வு மேலாண்மையின் முழுப்பணியும் அத்தகைய திட்டமிடலே என்பது இங்கு கருதத்தக்கது.

இரண்டாவது, காணாமலே அறிய வேண்டிய தேவை. தொலைபேசியில் பேசும் செவிலியருக்கு நோயாளியின் முகம் தெரியாது. இதயச் செயலிழப்பு உடைய ஒருவர் நலமாக இருப்பதாகக் கூறலாம். ஆனால் ஒரு வாரத்தில் எடை 2 கிலோவுக்கு மேல் கூடியிருப்பதும், காலணி இறுக்கமாகிவிட்டதும், படுத்தால் மூச்சு முட்டுவதால் நாற்காலியிலேயே உறங்குவதும் விசாரித்தால்தான் வெளிப்படும். உடலில் நீர் தேங்குவதன் அறிகுறிகள் இவை. அத்தகைய நோயாளிகளை வார்டில் கண்டவருக்கு எதைக் கேட்பது என்பது தெரியும். காணாதவர் திரையில் உள்ள வினாப்பட்டியலை மட்டும் நிறைவு செய்யக்கூடும்.

மூன்றாவது, தவறுகள் வெளிப்படும் காலம். இதுவே முதன்மையான காரணம் எனலாம். வார்டில் ஒரு புதியவர் தவறு செய்தால், பல வேளைகளில் சில மணி நேரத்தில் அது தெரிந்துவிடும். கண்காணிப்புக் கருவி ஒலிக்கும், மூத்த செவிலியர் கவனிப்பார், அடுத்த பணிமுறையில் வருபவர் கேட்பார். நேர்வு மேலாண்மையில் அவ்வாறன்று. உயிர்வளிக் கருவி வீட்டுக்கு வந்து சேரவில்லை என்பதோ, புதிய மருந்துக்குக் காப்பீட்டு ஒப்புதல் இல்லாததால் நோயாளி அதை வாங்கவே இல்லை என்பதோ சில நாட்கள் கழித்து, வேறோர் இடத்தில், வேறொருவர் முன்னிலையில் வெளிப்படும். தவறு செய்தவருக்கு அச்செய்தி வந்து சேராமலே போகலாம். பிழையிலிருந்து கற்பதற்கு வாய்ப்பு குறைந்த பணியில், கற்க வேண்டியவற்றை முன்னரே கற்றிருத்தல் நோயாளிக்குப் பாதுகாப்பானது.

நான்காவது, இருதரப்பு நெருக்கடி. நோயாளி விரைவில் விடுவிக்கப்பட வேண்டும் என்பது மருத்துவமனையின் நலன். ஆனால் விரைந்து அனுப்பி, 30 நாட்களுக்குள் அவர் திரும்பி வந்தாலும் இழப்பு உண்டு. இதயச் செயலிழப்பு, நுரையீரல் அழற்சி போன்ற சில நோய்களுக்கு மறுசேர்க்கை அளவுக்கு மீறினால், மருத்துவமனைக்கான மெடிக்கேர் தொகை 2012 அக்டோபர் முதல் குறைக்கப்படுகிறது. இக்குறைப்பின் மேல்வரம்பு 2014 அக்டோபர் முதல் 3 விழுக்காடு ஆகும். விடுவிப்பை ஏற்காத மெடிக்கேர் உள்நோயாளி, தனித்து இயங்கும் தர மேம்பாட்டு அமைப்பு ஒன்றிடம் உடனடி மேல்முறையீடு செய்யலாம். இவ்வுரிமையை அவருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். மேலிடத்தின் அவசரத்துக்கும் நோயாளியின் தயக்கத்துக்கும் இடையில் நின்று, இவர் இன்று வீடு செல்வது பாதுகாப்பன்று எனக் கூறுவதற்கு மருத்துவ அறிவுடன் துணிவும் வேண்டும்.

ஐந்தாவது, திரும்பும் வழி. பல மருத்துவமனைகளின் புதியோர் பயிற்சித் திட்டங்கள் அண்மையில் பட்டம் பெற்றோருக்கு மட்டுமே உரியவை. சில ஆண்டுகள் மேசைப் பணியில் கழித்தவர், பின்னர் வார்டுக்குச் செல்ல விரும்பினால் அவ்வாய்ப்பு கடினமாகலாம்.

நேரடியாகத் தொடங்கலாம் என்போர் கூறும் காரணங்கள்

வார்டு அனுபவம் மட்டுமே ஒருவரை நேர்வு மேலாளர் ஆக்குவதில்லை. காப்பீட்டு விதிகள், சமூக உதவித் திட்டங்கள், குடும்பத்தினருடன் பேசும் முறை ஆகியவற்றைப் பல்லாண்டு வார்டில் பணியாற்றியவரும் புதிதாகவே கற்க வேண்டியுள்ளது. சமூகப் பணியாளர்கள் பலர் செவிலியப் பயிற்சி இன்றியே இத்துறையில் சிறப்பாகப் பணியாற்றுகின்றனர் என்பதும் சுட்டப்படுகிறது. இதற்கு மறுமொழியாக, ஒரு நிறுவனம் சமூகப் பணியாளரை விடுத்துச் செவிலியரை அமர்த்துவது அவருடைய மருத்துவ மதிப்பீட்டுத் திறனுக்காகவே என மற்ற தரப்பினர் கூறுவர்.

மேலும், புதிய செவிலியர் அனைவரும் அனுபவமற்றவர் அல்லர். உரிமம் பெற்ற நடைமுறைச் செவிலியர், அவசர ஊர்தி மருத்துவ உதவியாளர், சமூகப் பணியாளர் ஆகிய நிலைகளில் பல ஆண்டுகள் இருந்தபின் பதிவுபெற்ற செவிலியர் ஆனவர்களும் உள்ளனர். மூத்தவர் ஒருவரின் நேரடி மேற்பார்வை, குறைந்த எண்ணிக்கையிலான நோயாளிகள், நீண்ட பயிற்சிக் காலம் ஆகியவை அமைந்த இடத்தில் இத்தகையோர் நன்கு தொடங்க இயலும்.

ஆய்வு முடிவுகள்

மேரி நெய்லர் தலைமையில் பிலடெல்பியாவில் நடந்த ஆய்வு ஒன்று 1999 இல் வெளியானது. உயர்நிலைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் முதியோரின் விடுவிப்பைத் திட்டமிட்டு, வீட்டிலும் தொடர்ந்து கவனித்தபொழுது, 24 வாரங்களுக்குள் மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தோர் 20.3 விழுக்காடாக இருந்தனர். வழக்கமான பராமரிப்பைப் பெற்றோரில் இது 37.1 விழுக்காடாக இருந்தது.

நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில், மிகுதியான மருத்துவத் தேவைகள் கொண்ட 800 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்வு 2020 இல் வெளியானது. செவிலியர், சமூகப் பணியாளர் உள்ளிட்ட குழு ஒருங்கிணைத்த பிரிவில் 180 நாட்களுக்குள் மறுசேர்க்கை 62.3 விழுக்காடு, மற்ற பிரிவில் 61.7 விழுக்காடு. அதாவது குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

இவ்விரு ஆய்வுகளின் நோயாளிகளும் திட்டங்களும் வேறானவை என்பதால் நேரடியாக ஒப்பிட இயலாது. ஆயினும் ஒருங்கிணைப்பு என்ற பெயர் மட்டும் பயன் தராது என்பது இவற்றால் விளங்கும். அதைச் செய்பவரின் திறனும், ஒருங்கிணைப்பதற்கு ஏற்ற சேவைகள் ஊரில் இருப்பதும் சேர்ந்தே விளைவைத் தீர்மானிக்கின்றன.

சான்றிதழ்களும் உரிமமும்

பதிவுபெற்ற செவிலியர் ஆவதற்கு என்கிளெக்ஸ் தேர்வில் தேற வேண்டும். நேர்வு மேலாண்மைக்கெனத் தனிச் சான்றிதழ்கள் உள்ளன. இவை வேலையில் சேரச் சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டவை அல்ல.

- சான்றுபெற்ற நேர்வு மேலாளர் என்ற சான்றிதழைப் பெற, உரிய உரிமம் அல்லது பட்டத்துடன், அச்சான்று பெற்ற ஒருவரின் மேற்பார்வையில் 12 மாத முழுநேர அனுபவமோ, அத்தகைய மேற்பார்வை இன்றி 24 மாத அனுபவமோ வேண்டும்.
- அமெரிக்கச் செவிலியர் சான்றளிப்பு மையத்தின் சான்றிதழுக்கு 2 ஆண்டுகள் முழுநேரச் செவிலியப் பணியும், கடந்த 3 ஆண்டுகளுக்குள் இத்துறையில் 2,000 மணி நேரப் பணியும், 30 மணி நேரத் தொடர்கல்வியும் வேண்டும்.

எனவே எவ்வழியில் தொடங்கினாலும் சான்றிதழுக்கு முன் அனுபவம் தேவைப்படுகிறது. தொலைபேசி வழிப் பணியில், நோயாளி இருக்கும் மாநிலத்தின் உரிமமும் பொதுவாகத் தேவை. 2018 முதல் நடைமுறையில் உள்ள விரிவாக்கப்பட்ட மாநிலங்களுக்கிடையிலான உடன்படிக்கை, ஓர் உரிமத்தைக் கொண்டு பிற உறுப்பு மாநிலங்களிலும் பணிபுரிய வழி செய்கிறது. எல்லா மாநிலங்களும் அதில் சேர்ந்துவிடவில்லை.

புதிய செவிலியர் கருத வேண்டியவை

இத்துறையை விரும்பும் புதியவருக்குப் பொதுவாகப் பொருந்தும் வழி, பொது மருத்துவ, அறுவை சிகிச்சை வார்டில் ஒன்று முதல் இரண்டு ஆண்டுகள் பணியாற்றிவிட்டு மாறுவதாகும். பலவகை நோயாளிகளையும் அவர்களின் விடுவிப்பையும் அங்கு நாள்தோறும் காணலாம். அக்காலத்தையே பயிற்சியாகவும் மாற்றிக்கொள்ளலாம்.

- மருத்துவர், செவிலியர், நேர்வு மேலாளர் சேர்ந்து நடத்தும் அன்றாடக் கலந்தாய்வில் கவனத்துடன் பங்கேற்றல்.
- வீட்டில் செய்ய வேண்டியவற்றை நோயாளியிடம் விளக்கியபின், அவர் வாயாலேயே திரும்பச் சொல்லக் கேட்டல்.
- மீண்டும் சேர்க்கப்பட்டவர் ஏன் திரும்பி வந்தார் என விசாரித்தல்.
- தம் நோயாளிகளின் காப்பீடு எவற்றுக்குப் பணம் தருகிறது, எவற்றை மறுக்கிறது என அறிதல்.

வார்டுப் பணி ஒருவரது உடல்நிலைக்கோ குடும்பச் சூழலுக்கோ ஒவ்வாததாயின், புறநோயாளர் ஆலோசனைக் கூடம், சிறுநீரகச் சுத்திகரிப்பு நிலையம் போன்ற இடங்களில் தொடங்கலாம். நோயாளியைக் கண்ணால் காணவும் மூத்தவரை உடனே அணுகவும் அவ்விடங்களில் இயலும்.

நேர்வு மேலாளர் வேலையே முதலில் கிடைத்தால், ஏற்கும் முன் சில வினாக்களைக் கேட்டல் நன்று. பயிற்சி எத்தனை வாரங்கள்? ஐயம் எழும்போது உடனே அணுகத்தக்க மூத்தவர் யார்? ஒரே நேரத்தில் எத்தனை நோயாளிகள்? வேலை அழைப்புகளின் எண்ணிக்கையால் அளக்கப்படுகிறதா, நோயாளியின் நலத்தால் அளக்கப்படுகிறதா? தாம் வகுத்த திட்டம் என்ன ஆயிற்று என்பதைப் பின்னர் அறிய வழி உண்டா? இவற்றுள் கடைசி வினாவே முதன்மையானது. விடை இல்லை என்பதாயின், அவ்விடம் அனுபவம் உடையோருக்குப் பொருந்தலாம், புதியவருக்குப் பொருந்தாது.

இவற்றையும் பார்க்க

- செவிலியம்
- லில்லியன் வால்டு
- மெடிக்கேர்
- மருத்துவக் காப்பீடு
- சமூகப்பணி